அரிசி உயரப் படைக்கு வண்ணம்

பொன்னி அரிசி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். மேசையில் ஆடும் போர் ஆட்டத்துக்காக நான் வண்ணம் தீட்டும் பொம்மைப் போர்வீரனின் உயரம் ஏறத்தாழ அவ்வளவுதான்: 6 மில்லிமீட்டர். அதற்குள் தலைக்கவசம் இருக்கிறது, உருண்ட தோள்கவசங்கள் இருக்கின்றன, மார்புக்குக் குறுக்கே பிடித்த துப்பாக்கி இருக்கிறது, முதுகில் ஒரு பெட்டியும் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக என் இரவுகளில் பாதி இவர்களோடுதான் கழிகிறது. இந்த அளவு உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவது எப்படி என்று தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. தொடங்கியபோது எனக்குத் தெரியாமல் போனவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமுக்கு நான் குடிவந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இங்கே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஊருக்கு வெளியே ஒரு திடலில் மக்கள் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து, வீட்டில் வேண்டாத பொருள்களைப் பரப்பி விற்பார்கள். மகளுக்குச் சைக்கிள் தேடிப் போன ஒரு நாள், மேசையின் ஓரத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின் கண்ணில் பட்டது. திறந்தால் உள்ளே நூற்றுக்கணக்கான குட்டி மனிதர்கள், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய கவச வண்டிகள், சுட்டுவிரல் உயரத்தில் நான்கு இயந்திர ராட்சதர்கள். சிலவற்றின் மேல் சிவப்பு எனாமல் அப்பியிருந்தது. தம்பி சிறுவனாக இருந்தபோது விளையாடியது என்றார் விற்றவர். பதினைந்து பவுண்டு கொடுத்து வாங்கினேன். சைக்கிள் அடுத்த வாரம்தான் கிடைத்தது.

இந்த ஊரில் அப்படி ஒரு டின் கிடைப்பது அதிசயமே இல்லை. இத்தகைய ஆட்டங்களைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் தலைமையகம் இங்கே லென்டன் பகுதியில் இருக்கிறது. அதன் உருவங்களை வார்த்த சிட்டடெல் மினியேச்சர்ஸ் 1978இல் பக்கத்து ஊரான நியூவார்க்கில் தொடங்கியது. அங்கே வேலை கற்றவர்கள் பலர் பிறகு சுற்றுவட்டாரத்திலேயே தனித்தனியாகப் பட்டறை போட்டார்கள். ஈயத்தில் வீரர்களை வார்க்கும் பகுதி என்பதால் பொழுதுபோக்காளர்கள் இதை ‘லெட் பெல்ட்’ என்று அழைப்பதும் உண்டு.

என் டின்னில் இருந்தது ‘எபிக்’ என்று அழைக்கப்படும் ஆட்டத்தின் படை. வார்ஹாமர் 40,000 என்ற ஆட்டம் 1987இல் வந்தது. அதில் ஒரு வீரன் 28 மில்லிமீட்டர் உயரம் இருப்பான், மேசையில் சில டஜன் பேர் மோதுவார்கள். அதே கற்பனை உலகத்தின் முழுப் படைகளும் ஒரே மேசையில் மோத வேண்டுமானால் எல்லாவற்றையும் சுருக்க வேண்டும். 1988இல் வந்த ‘அடெப்டஸ் டைட்டானிகஸ்’ பெட்டியில் வார்லார்ட் என்ற ஆறு பிளாஸ்டிக் டைட்டன்கள் இருந்தன, டைட்டன் என்றால் நடந்து வரும் இயந்திர ராட்சதன். விதிகளை எழுதியவர் ஜெர்விஸ் ஜான்சன். இதைப் பற்றி ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். பிளாஸ்டிக் அச்சு ஒன்றுக்குத்தான் பணம் இருந்ததால் இரு தரப்புக்கும் ஒரே உருவத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஏற்றாற்போல், ஒரே பேரரசின் படைகள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் உள்நாட்டுப் போரைக் கதைக்களமாக வைத்தார்கள். ‘ஹோரஸ் ஹெரசி’ என்ற அந்தக் கதை பிற்பாடு அந்த உலகத்தின் மையப் புராணமாகவே வளர்ந்துவிட்டது. 1989இல் ‘ஸ்பேஸ் மரீன்’, 1994இல் ‘டைட்டன் லீஜியன்ஸ்’, 1997இல் ‘எபிக் 40,000’, 2003இல் ‘எபிக் ஆர்மகெடான்’ என்று பதிப்புகள் வந்தன. பிறகு தயாரிப்பு நின்றுபோனது. 2018இல் டைட்டன்களும் 2023இல் ‘லீஜியன்ஸ் இம்பீரியாலிஸ்’ என்ற பெயரில் காலாட்படையும் திரும்பி வந்தபோது உருவங்கள் 8 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்திருந்தன. பழைய 6 மில்லிமீட்டர் படைகளை வைத்து ஆடுகிறவர்கள் இன்றும் விதிகளைத் தாங்களே திருத்திப் பாதுகாத்து ஆடுகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

முதல் வேலை பழைய வண்ணத்தை எடுப்பது. டெட்டாலைவிட எளிதான வழியை நான் இன்னும் காணவில்லை, காயத்துக்குப் போடும் அதே பழுப்பு டெட்டால்தான். மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் உருவங்களைப் போட்டு, மூழ்கும்வரை நீர் கலக்காத டெட்டாலை ஊற்றி வைத்தால், உலோக உருவங்கள் ஓர் இரவில் கழன்றுவிடும். பிளாஸ்டிக்கை அவ்வளவு நேரம் விட வேண்டாம், சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. கையுறை போட்டு, சன்னலைத் திறந்து வைத்து, பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும்.

இங்கேதான் என் முதல் தவறு. நன்றாக ஊறியிருக்கிறது என்று சாடியிலிருந்து எடுத்தவற்றை நேராகக் குழாயடியில் காட்டினேன். தண்ணீர் பட்ட கணத்தில், கரைந்திருந்த வண்ணம் முழுவதும் பலாப்பழப் பால் போன்ற பிசினாக மாறி ஒட்டிக்கொண்டது. நாற்பது வீரர்களை ஊசியால் சுரண்டி மீட்க இரண்டு இரவுகள் ஆயின. முறை இதுதான்: தேய்ப்பதையும் அலசுவதையும் டெட்டாலிலேயே முடிக்க வேண்டும். கடைசித் துளி வண்ணமும் போன பிறகுதான் சோப்பும் தண்ணீரும். அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம். உலோகத்தை அது ஒன்றும் செய்யாது, ஆனால் பிளாஸ்டிக் வீரன் உருகிப்போவான். எது உலோகம், எது பிளாஸ்டிக் என்று பழைய வண்ணத்துக்கு அடியில் தெரியாது.

உலோகம் என்றவுடன் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1990களின் பிற்பகுதி வரை வார்த்த உருவங்களில் ஈயம் கலந்திருக்கலாம். அரத்தால் தேய்க்கும்போது முகமூடி அணியுங்கள், ஈரத்துணி விரித்துத் தூளைத் துடைத்து எடுங்கள், கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். தூரிகையின் முனையைக் கூராக்க உதட்டில் வைக்கும் பழக்கம் இங்கே பலருக்கு இருக்கிறது. வீட்டில் குழந்தை இருக்கும் எனக்கு அந்தப் பழக்கம் வரவே கூடாது என்று முதல் நாளே முடிவு செய்தேன். ஈரத் துணியில் முனையை உருட்டினாலே போதும்.

இனி நான் ஆறு மாதம் வீணாக்கிய கதை. வழிகாட்டிக் காணொளிகளில் பெரும்பாலானவை 28 மில்லிமீட்டர் உருவங்களுக்கானவை. வண்ணம் பிடிக்க முதலில் அடிக்கும் கறுப்பு பிரைமர், அடிப்பூச்சு, பள்ளங்களில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த வண்ணமான பழுப்பு வாஷ், விளிம்புகளில் வெளிச்சக்கோடு, கண்ணில் புள்ளி என்று அவற்றில் ஒரு வரிசை இருக்கும். அதை அப்படியே இங்கே கொண்டுவந்தேன். நெற்றியில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மிக மெல்லிய மூன்று சுழியம் எண் தூரிகையால் ஒவ்வொரு வீரனின் கண்ணிலும் சிவப்புப் புள்ளி வைத்தேன். ஒருவனுக்கு முக்கால் மணி நேரம். உருப்பெருக்கிக்குள் பார்த்தால் நகை செய்ததுபோல் இருந்தது.

நாற்பது பேர் முடிந்ததும், மஞ்சள் கவசப் படையையும் எதிரிகளான ஆர்க்குகள் என்ற பச்சை அரக்கர்களையும் உணவு மேசையில் எதிரெதிரே நிறுத்தி வைத்தேன். அப்போது ஒன்பது வயதாகியிருந்த மகள் பள்ளியிலிருந்து வந்து வாசற்படியில் நின்று பார்த்தாள்.

“அப்பா, இதில் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள்?”

அவள் கேலி செய்யவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். எழுந்து போய் அவள் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். மேசையின் இரண்டு ஓரங்களிலும் கருமையான புள்ளிக்கூட்டம். மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. பழுப்பு வாஷ் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. நான் வைத்த சிவப்புக் கண்களில் ஒன்றுகூட அங்கிருந்து தெரியவில்லை.

அன்றிரவு ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். 1.80 மீட்டர் உயர மனிதன் 6 மில்லிமீட்டராகச் சுருங்கினால் அது முந்நூறில் ஒரு பங்கு. அப்படியானால் அவனை ஒரு மீட்டர் தூரத்திலிருந்து நான் பார்ப்பது, உண்மையான மனிதன் ஒருவனை 300 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் நிற்பவனின் கண் யாருக்குத் தெரியும்? அவன் சட்டை என்ன நிறம், தலையில் என்ன இருக்கிறது, கையில் ஏதாவது பிடித்திருக்கிறானா என்பது தெரியும். அவன் தனியாக நிற்கிறானா கூட்டத்தோடு நிற்கிறானா என்பது தெரியும். அவ்வளவையும் தெளிவாகக் காட்டினால் போதும், மற்றதெல்லாம் உருப்பெருக்கிக்குள் மட்டும் வாழும் வேலை.

நான் மதுரைக்காரன். மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி உயரம். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேல்நிலைகளில் இருக்கும் சுதைச் சிற்பங்களின் முகபாவம்கூடத் தெரியும். அதே சிற்பங்களை அருகில் எடுத்த படங்களில் பார்த்தால் கண்கள் பிதுங்கியிருக்கும், புருவம் தடித்த கறுப்புக் கோடாக இருக்கும், பச்சையும் சிவப்பும் அடித்த அடியாக இருக்கும். சிறுவயதில் அதைப் பார்த்து வேலைப்பாடு முரட்டுத்தனமாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். அந்த ஸ்தபதிகளும் வண்ணக்காரர்களும் தெருவில் நிற்பவனின் கண்ணை மனத்தில் வைத்து வேலை செய்தார்கள் என்பது, மகள் கேட்ட கேள்விக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

மறுநாளே நாற்பது பேரும் மீண்டும் டெட்டாலுக்குள் போனார்கள். ஓர் அணியை மட்டும் விட்டுவைத்தேன். அது நான் தீட்டியது அல்ல. டின்னிலேயே சிவப்பு எனாமல் அப்பியிருந்த ஐந்து பேர், அவர்கள் நிற்கும் அடித்தட்டின் கீழே பேனாவால் 1989 என்று எழுதியிருக்கிறது. முகம் தெரியாத ஒரு பையனின் கை அது. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். என் படை இம்பீரியல் ஃபிஸ்ட்ஸ், முழு மஞ்சள் கவசம். மஞ்சளைப் போலப் படுத்தும் வண்ணம் வேறில்லை. அதன் மறைக்கும் திறன் குறைவு, கறுப்பின் மேல் போட்டால் பாசி பிடித்த பச்சையாகத் தெரியும். எனவே கறுப்பு பிரைமரைக் கைவிட்டேன். முதலில் சாம்பல் பிரைமர், அது காய்ந்ததும் தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளை ஸ்பிரே. வெயில் மேலிருந்து விழுவதுபோல் தோளும் தலையும் வெளுத்து, காலும் துப்பாக்கியின் அடியும் சாம்பலாக நிற்கும். பாதி நிழல் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஐஸ் குச்சியில் இரட்டைப் பக்க ஒட்டுநாடா ஒட்டி, ஒரு குச்சிக்குப் பத்துப் பேர் வீதம் நிறுத்துகிறேன். இருவருக்கு நடுவே தூரிகை நுழையும் இடைவெளி வேண்டும். எபிக் ஆர்மகெடான் விதிப்படி டாக்டிகல் டிடாச்மென்ட் என்ற படைப்பிரிவு ஒன்றில் ஆறு அணிகள், அணிக்கு ஐந்து பேர், ஆக 30 பேர். மூன்று குச்சிகள் என் ஒரு தவணை. எந்த வீரனையும் தனியாக முடிப்பதில்லை. ஒரு நிறத்தை எடுத்தால் 30 பேருக்கும் அதைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த நிறம். மூன்றாவது குச்சியின் கடைசி ஆளுக்கு வருவதற்குள் முதல் குச்சி காய்ந்திருக்கும், கையும் அந்த ஓர் அசைவுக்குப் பழகியிருக்கும்.

மஞ்சளுக்கு இரண்டு வழிகளையும் முயன்றேன். 2019இல் சிட்டடெல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் வகை வண்ணங்கள் நீர்போல் ஓடிப் பள்ளங்களில் தேங்கி, மேடுகளை வெளிறவிடும். அதில் இயாண்டன் யெல்லோவை வெள்ளையின் மேல் ஒரே பூச்சாகப் போட்டால் மேட்டில் மஞ்சளும் மடிப்பில் ஆரஞ்சுமாக விழும். காலாட்படைக்கு இதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் கவச வண்டியின் தட்டையான பக்கங்களில் அது திட்டுத்திட்டாகக் காய்கிறது, மழை நீர் காய்ந்த சுவர்போல் இருக்கிறது. வண்டிகளுக்கு அவர்லாண்ட் சன்செட் என்ற காவி கலந்த மஞ்சளை நீர் விட்டு இரண்டு மெல்லிய பூச்சு போட்டு, மேல்பரப்பில் மட்டும் வெளிர்மஞ்சளை டிரை பிரஷ் செய்கிறேன். அதாவது தூரிகையில் வண்ணத்தைத் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, விளிம்புகளை மட்டும் உரசிச் செல்வது. வண்ணம் அதிகமாக ஒட்டினால் எல்லாம் போயிற்று. துடைத்தது போதும் என்று தோன்றிய பிறகும் ஒருமுறை துடையுங்கள்.

வாஷ் வேண்டுமானால் பழுப்பில் இளசான செராபிம் செபியா, அதுவும் உடல் முழுவதும் அல்ல. கழுத்து, இடுப்பு, கைக்கும் மார்புக்கும் நடுவே உள்ள இடுக்கு ஆகிய மூன்று இடங்களில் மட்டும் தூரிகை முனையால் தொட்டு விடுகிறேன். நிறத்தை இருட்டாக்குவதற்காக நான் வாஷ் போடுவதில்லை, கையையும் உடலையும் பிரித்துக் காட்டத்தான் போடுகிறேன்.

அடுத்தது துப்பாக்கி. ஒரு வீரனை வீரனாகக் காட்டுவது அதுதான் என்பேன். முதலில் கருஞ்சாம்பல். பிறகு முனையிலிருந்து பின்பக்கம் வரை மேல்விளிம்பில் மட்டும் ஒரே இழுப்பில் வெளிர்சாம்பல் கோடு. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, இரண்டு மணிக்கட்டுகளையும் மேசை விளிம்பில் ஊன்றி, குச்சி பிடித்த கையின் சுண்டுவிரலும் தூரிகை பிடித்த கையின் சுண்டுவிரலும் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்துக்கொள்கிறேன். இரண்டு கையும் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டால் நடுக்கம் இரண்டுக்கும் பொதுவாகிவிடும், தூரிகையும் வீரனும் சேர்ந்தே அசைவார்கள், கோடு பிசகாது. அந்த 2 மில்லிமீட்டர் வெளிர்கோடு விழுந்ததும், அதுவரை மஞ்சள் பட்டாணிபோல் இருந்தது துப்பாக்கி ஏந்திய ஆளாகிவிடும். முப்பது முறை அது நடப்பதைப் பார்க்கலாம், எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

கண்ணுக்குப் புள்ளி வைப்பதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் தலைக்கவசத்தை வைத்து அடையாளம் காட்டுகிறேன். தளபதிக்கு வெள்ளைத் தலை, அணித்தலைவருக்குச் சிவப்புத் தலை. மேசையின் மறுகரையிலிருந்து அது தெரிகிறது.

தூரிகையைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். உருவம் சிறியது என்பதற்காக மூன்று சுழியம் எண் தூரிகையை வாங்காதீர்கள். அதன் வயிற்றில் வண்ணம் நிற்காது, தட்டிலிருந்து வீரனுக்குப் போவதற்குள் முனை காய்ந்துவிடும். கொலின்ஸ்கி மயிரில் செய்த ஒன்றாம் எண் தூரிகை ஒன்று போதும். கொலின்ஸ்கி என்பது சைபீரிய மரநாய் வகையின் வால்மயிர். வயிறு தடித்து வண்ணத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளும், முனை மட்டும் ஊசியாக நிற்கும். விலை கூடுதல்தான், ஆனால் மயிர் பிடித்திருக்கும் உலோகக் குழாய்வரை வண்ணம் ஏறவிடாமல், வேலை முடிந்ததும் சோப்பில் கழுவி வைத்தால் ஆண்டுக்கணக்கில் வரும். டிரை பிரஷுக்கு அதைத் தொடவே கூடாது, அதற்கு ஒப்பனைக் கடையில் கிடைக்கும் மலிவான வட்டத் தூரிகை போதும். மெலிதாக்கிய வண்ணம் நீண்ட நேரம் ஈரமாக இருக்க ஒரு டிபன் பாக்ஸில் நனைத்த பஞ்சுத்தாளைப் பரப்பி, மேலே கேக் சுடும் காகிதத்தைப் போட்டு, அதன்மேல் வண்ணத்தைக் கலந்துகொள்கிறேன். மூடி வைத்தால் மறுநாள் இரவும் அதே வண்ணம் கிடைக்கும்.

அடித்தட்டைப் பலர் கடைசியில் அவசரமாக முடிக்கிறார்கள், எனக்கு இதில் வலுவான கருத்து உண்டு. 20 மில்லிமீட்டர் சதுரத் தட்டில் ஐந்து பேர் நிற்கும்போது, மேலிருந்து பார்ப்பவனுக்கு வீரர்களைவிடத் தரைதான் அதிகம் தெரிகிறது. தரையின் நிறம் தவறினால் படையின் நிறமும் தவறிவிடும். மஞ்சள் வீரர்களை மணல் நிறத் தரையில் நிறுத்தியபோது அவர்கள் அதில் கரைந்தே போனார்கள். செம்பழுப்புத் தரைக்கு மாற்றியதும் கவசம் துலங்கியது. ஆர்க்குகளின் பச்சைக்கும் அதே தரை பொருந்துகிறது, இரு படைகளும் ஒரே களத்தில் நிற்பதாகத் தோன்றுகிறது.

தரைக்கு மணல் ஒட்டும்போதும் அந்த முந்நூறு மடங்குக் கணக்கை மறக்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் மணல் துகள் அங்கே 30 சென்டிமீட்டர் பாறை. டீ வடிகட்டியில் சலித்துக் கீழே விழும் நைசான மணலை மட்டும் எடுங்கள். செயற்கைப் புல்லில் 2 மில்லிமீட்டர் வகையை வாங்கினால் வீரனின் முழங்காலுக்கு மேல் வரும், காட்டுப்புல் என்று ஏற்கலாம். 4 மில்லிமீட்டர் வாங்கினால் மார்பளவு புல்லில் படை மறைந்து நிற்கும்.

டைட்டனைத் தீட்டுவது வேறு வகை மகிழ்ச்சி. காலாட்படையில் மறைக்கும் தவறுகள் இதில் தெரியும், காலாட்படையில் காட்ட முடியாத நுணுக்கங்களும் இதில் தெரியும். கவசத் தகடுகளை எலும்புக்கூட்டோடு சேர்த்து ஒட்டுவதற்கு முன்பே தனித்தனியாகத் தீட்டுவது நல்லது. கால்களையும் மூட்டுகளையும் கறுப்படித்து, வெள்ளி வண்ணத்தால் டிரை பிரஷ் செய்து, மேலே கறுப்பு வாஷ் ஒன்று விட்டால் எண்ணெய்ப் பிசுக்கேறிய எந்திரமாகிவிடும். பீரங்கிக் குழலில் மஞ்சள், கறுப்புச் சாய்கோடுகள் போட எனக்குத் தூரிகை ஒத்துவரவில்லை. வரைபடக்காரர்கள் பயன்படுத்தும் 0.05 மில்லிமீட்டர் முனைப் பேனாவால் முதலில் எல்லைக் கோடுகளை இழுத்து, நடுவே தூரிகையால் நிரப்பினேன். பேனா மை முழுமையாகக் காய அரை மணி நேரம் விடுங்கள். வார்னிஷைத் தூரிகையால் தேய்த்தால் மை இழுபடலாம், ஸ்பிரேதான் பாதுகாப்பு.

ஸ்பிரேயில் எனக்கு இரண்டு அடிகள் விழுந்தன. பழைய பெட்டிகளில் வந்த கட்டடங்கள் தெர்மோகோல் போன்ற நுரைப் பொருளில் செய்தவை. முப்பது ஆண்டு தாண்டி வந்த ஒரு கட்டடத்தின் மேல் பிரைமர் ஸ்பிரேயை அடித்தேன். கண்ணெதிரே சுவரில் அம்மை வடுபோல் குழி விழுந்து, மூலை உள்வாங்கிக்கொண்டது. ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் நுரையைத் தின்றுவிடும். நுரைக் கட்டடங்களுக்கு நீரில் கரையும் அக்ரிலிக்கைத் தூரிகையால் மட்டுமே பூச வேண்டும். அந்தக் கட்டடத்தைக் குண்டு விழுந்த இடிபாடாக மாற்றி வைத்திருக்கிறேன், ஆனாலும் முழுதாக இருந்ததை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். நவம்பர் மாத மாலை, தோட்டத்துக் கொட்டகை, காற்றில் ஈரம். முப்பது பேரின் மேல் அடித்துவிட்டு உள்ளே போய் டீ குடித்துத் திரும்பினால், எல்லார் மேலும் உறைபனி விழுந்ததுபோல் வெண்படலம். ஈரக்காற்றிலும் கடுங்குளிரிலும் மேட் வார்னிஷ் இப்படிப் பூத்துவிடும். பதறி டெட்டாலை எடுக்கப் போனேன். நான் ஆடும் கிளப்பில் என்னைவிட இருபது வயது மூத்த நண்பர் ஒருவர் தொலைபேசியில் தடுத்தார். ஒன்றும் செய்யாதே, இரண்டு நாள் காயவிடு, பிறகு பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் ஒரு பூச்சுப் போடு என்றார். போட்டதும் படலம் மறைந்து மஞ்சள் திரும்பியது. சில இடுக்குகளில் மட்டும் வெண்மை மிச்சமிருந்தது, அங்கே செபியாவைத் தொட்டு விட்டேன். அதிலிருந்து, வெயில் காய்ந்த நாள் பார்த்து மூன்று நான்கு அணிகளுக்குச் சேர்த்து வார்னிஷ் அடிக்கிறேன். ஸ்பிரே டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் நிறுத்தி, இரண்டு நிமிடம் குலுக்கி, முதலில் ஓர் அட்டையின் மேல் அடித்துப் பார்த்த பிறகுதான் வீரர்கள் பக்கம் திருப்புகிறேன்.

கண்களைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, சன்னலுக்கு வெளியே தூரத்தில் எதையாவது பாருங்கள். பகல் வெளிச்சம் தரும் மேசை விளக்கை இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று வைத்தால் கையின் நிழல் வேலையின் மேல் விழாது. உருப்பெருக்கியை நான் இப்போதும் பயன்படுத்துகிறேன், ஆனால் ஒவ்வொரு நிறம் முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டுக் குச்சியைக் கை நீட்டிப் பிடித்துப் பார்ப்பேன். அங்கே தெரியாததைத் திருத்துவதில்லை. குச்சியில் மூன்றாவது ஆளின் முழங்காலில் மஞ்சள் சிந்தியிருந்தால் அது அப்படியே போர்க்களத்துக்குப் போகும்.

சென்ற மாதம் கிளப்பில், வார்னிஷ் ஆபத்தில் காப்பாற்றிய அதே நண்பரோடு ஆடினேன். ஆறடிக்கு நாலடி மேசை, நடுவே என் இடிந்த கட்டடம், அவர் பக்கம் ஆர்க்குகள், என் பக்கம் மஞ்சள் படையில் மூன்று டிடாச்மென்ட்கள். 1989 அணியையும் அவற்றில் ஒன்றில் ஓர் இடத்தில் சேர்த்திருந்தேன். பகடையை எடுப்பதற்கு முன் அவர் மேசையின் மறுகரையில் நின்றபடியே படையை ஒருமுறை பார்த்தார். “இடிபாட்டுக்குப் பின்னால் நிற்பவர்தானே உங்கள் தளபதி? முதல் பீரங்கி அவருக்குத்தான்,” என்றார். அவர் நின்ற இடத்திலிருந்து என் வெள்ளைத் தலைக்கு நாலடி தூரம். பிறகு குனிந்து சிவப்பு எனாமல் ஆட்களைக் காட்டி, இவர்கள் யார் என்று கேட்டார். சொன்னேன். அவர் அந்தத் தட்டை எடுத்துத் திருப்பி, கீழே இருந்த எழுத்தைப் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்தார்.

தளபதி இரண்டாவது சுற்றிலேயே விழுந்தார். சிவப்பு அணி ஆட்டம் முடியும்வரை களத்தில் நின்றது. வீட்டில் ரைனோ என்ற கவச வண்டிகள் பன்னிரண்டு பிரைமரோடு காத்திருக்கின்றன, அவற்றின் கதவுகளில் படையின் சின்னமான கறுப்புக் கைமுட்டியை எப்படி வரைவது என்று மகள் ஓர் அட்டையில் பழகிக்கொண்டிருக்கிறாள்.